வலி நின்ற மத்தியானம்

என் மகளின் வயிற்றில் இருந்த விளக்கெண்ணெயை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் சில காலைகளில் குளியலறையில் சோப்பைக் கையில் எடுத்ததும் எதற்காக உள்ளே வந்தேன் என்பதே மறந்து நின்றுவிடுகிறேன்.

நான் படித்தவள். பி.எஸ்சி. முடித்து, எங்கள் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து உத்திரமேரூரில் ஒரு நர்சரிப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகிறேன். கணவர் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. ஒரே பெண். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு.

அதற்கு முன்னால் என் முதுகு வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் வலி மாத்திரை தின்று வயிறு புண்ணாகிப் போனவள் நான். முதுகுக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர், தூக்கம் வராததற்கு இன்னொரு டாக்டர். ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டை இன்னொருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்த முழு உடல்நல வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். உடம்பைத் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள், தூக்கமும் சாப்பாடும் மனசும் சேர்ந்ததுதான் உடம்பு என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். நேரத்துக்குச் சாப்பிட்டேன், நடந்தேன், மூச்சுப் பயிற்சி செய்தேன். ஆறு மாதத்தில் வலி பாதியாகக் குறைந்தது. இதில் பொய் எதுவும் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு வீட்டில் இருந்த மாத்திரை டப்பாவைக் காலி செய்தேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் நிலவேம்பு, இருமல் வந்தால் ஆடாதோடை. இரண்டு வருடம் எல்லாம் சரியாகிப் போனது. என்ன கொடுத்தாலும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் சரியாகிப் போகிற காய்ச்சல்கள்தான் அவை என்று இப்போது தெரிகிறது. அப்போது என் கைராசி என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

“யம்மா, தொப்புளாண்ட வலிக்குதும்மா.”

பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு வயிறு வலித்தால் எங்கள் பக்கத்தில் யாரும் முதலில் பயப்பட மாட்டார்கள். சிரிப்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

“இன்னாடி, உன் தம்பிக்கு போன் பண்ணி சீருக்கு ரெடி பண்ணச் சொல்லட்டா?”

எனக்கும் சிரிப்பு வந்தது. உளுந்தங்களி கிளறி, நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் தின்றதும் மொத்தத்தையும் வாந்தி எடுத்தாள். வாந்தியைப் பார்த்ததும் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா தீர்ப்பை மாற்றிவிட்டார்.

“அப்ப அது இல்ல. குடல் ஏறிக்கினு கீது. வழிச்சா சரியாப் பூடும்.”

குடலேற்றம் என்றால் எங்கள் ஊரில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். குழந்தை விழுந்தாலோ, யாராவது தாறுமாறாகத் தூக்கினாலோ குடல் இடம் மாறி மேலே ஏறிவிடும், வாந்தி வரும் என்பார்கள். வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, விலாவிலிருந்து தொப்புளை நோக்கி வழித்துவிட்டு, காலைத் தூக்கி உள்ளங்காலில் தட்டினால் குடல் இறங்கிவிடும். என் மகளுக்கே மூன்று வயதில் இரண்டு தடவை வழித்திருக்கிறோம். இரண்டு தடவையும் வாந்தி நின்றது.

வழித்துவிட்டவள் ஏரிக்கு அந்தப்புறம் ஊருக்கு வெளியே இருக்கும் பத்துப் பதினைந்து வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். நாற்று நடவும் களை எடுக்கவும் எங்கள் நிலத்துக்கு வருபவள். சுற்றியுள்ள மூன்று நான்கு ஊர்களில் அவள் கைக்குப் பெயர் உண்டு. வெற்றிலை பாக்கைத் தவிர எதுவும் வாங்க மாட்டாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். அவள் என்னை அம்மா என்பாள். நான் அவளை நீ, வா, போ என்பேன்.

சனிக்கிழமை விடிந்ததும் ஆள் அனுப்பினேன். வந்தாள். பாயில் படுத்திருந்த மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய் தொடாமல் வெறும் கையை வயிற்றில் வைத்தாள். வலி அதற்குள் தொப்புளை விட்டு வலது பக்கம் கீழே இறங்கியிருந்தது. அங்கே மெதுவாக அழுத்தினாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வந்தவள் சட்டென்று கையை எடுத்தாள். அப்போதுதான் மகள் வீறிட்டுக் கத்தினாள்.

அவள் மறுபடி தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இது குடல் இல்லம்மா.”

“பின்ன இன்னா?”

“எனக்கு இன்னா தெரியும்? குடல் ஏறினா வயிறு பொதபொதன்னு இருக்கும். இது பலகையாட்டம் கீது. அமுத்தசொல்ல கம்முனு கீது, கைய எடுத்தா கத்துது. நான் வழிக்க மாட்டேன். காஞ்சிபுரத்துக்கு இட்டுக்கினு போ.”

“அங்க போனா உடனே கத்தியத்தான் எடுப்பானுங்க. சின்ன வயசுல உன் கைலதான சரியாச்சு?”

“என் கை இன்னா மந்திரக் கையா? நீ படிச்சவ. படிக்காதவளாண்ட வந்து மல்லுக்கு நிக்கிறியேம்மா.”

நான் மல்லுக்குத்தான் நின்றேன். மருத்துவமனை என்றாலே வயிற்றைக் கிழிப்பார்கள், மாத்திரையை ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, என் உடம்பு கெட்டது போல இவள் உடம்பும் கெடும் என்ற பயம். அதைவிட, வகுப்பில் கேட்ட ஒன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது: உடம்புக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தெரியும், நாம்தான் அவசரப்படுகிறோம். அப்போது நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

“நாளான்னைக்குக் களை எடுக்க உங்க பக்கத்துல இருந்து எத்தினி பேரு வரீங்க?”

நாற்று நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. எல்லோருடைய வயலிலும் களை எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்த சமயம்தான். சாதாரணமாகக் கேட்டேன் என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளும் அவள் மருமகளும் அந்தப் பருவம் முழுவதும் எங்கள் வயலையும் என் கணவரின் அண்ணன் வயலையும் நம்பித்தான் இருந்தார்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எண்ணெய எட்தா.”

வழக்கமாகச் செய்வது போல அவள் காலைத் தூக்கித் தட்டவில்லை. எண்ணெயைத் தொட்டு நாலைந்து முறை மேலோடு மேலாக வழித்தாள். அதற்கே மகள் என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதறினாள். அவள் எழுந்தாள். வெற்றிலையைக்கூட எடுத்துக்கொள்ளாமல், “மத்தியானத்துக்குள்ள சரியாவலன்னா இட்டுக்கினு போய்டு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் சரியாகிவிட்டது.

பன்னிரண்டு மணி வாக்கில், முனகிக்கொண்டே இருந்த மகள் திடீரென்று அமைதியானாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். முகம் வியர்த்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“யம்மா, வலி போச்சும்மா.”

இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாள். தூங்கிப் போனாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில். பிறகு போனை எடுத்து வகுப்பு குரூப்பில் குரல் பதிவு ஒன்று போட்டேன். ஊசி இல்லை, மருந்து இல்லை, கத்தி இல்லை, ஒரே காலையில் என் மகள் வயிற்று வலி போய்விட்டது என்று. கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. என் மகளின் வயிற்றுக்குள் அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை மறுநாள் டாக்டர் சொன்னார். அந்தப் பதிவை இன்னும் நான் அழிக்கவில்லை. அதில் என் குரல் அவ்வளவு தெம்பாக இருக்கிறது.

சாயங்காலம் காய்ச்சல் வந்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டேன். வெள்ளிக்கிழமை போய் கம்பெனியிலேயே தங்கி அடுத்தடுத்து ஷிஃப்ட் பார்த்த கணவர் ஞாயிறு காலை வந்தபோது, மகள் முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுத்திருந்தாள். கண் குழி விழுந்திருந்தது. போர்வை வயிற்றில் படுவதைக்கூடத் தாங்கவில்லை. அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“இன்னா பண்ணிக்கினு இருந்த நீ?” என்றவர், பதிலுக்கு நிற்காமல் கார் கேட்டுக்கொண்டு வரத் தெருவுக்கு ஓடினார்.

அவர் காரோடு திரும்பி வருவதற்குள் கிடைத்த பதினைந்து நிமிடத்தில்தான் நான் அதைச் செய்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறைத் தரையில் உட்காரவைத்து, வயிற்றில் இருந்த எண்ணெயைக் கழுவினேன். எங்கள் ஊரில் இது புதிதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது தாயத்தைக் கழற்றி வைப்பார்கள், பற்றுப் போட்டிருந்தால் துடைப்பார்கள். நர்ஸ் எல்லோர் முன்னாலும் திட்டுவாள் என்ற பயம்தான். எனக்கும் அதே பயம். பி.எஸ்சி. படித்த டீச்சர் எண்ணெய் வழிக்கும் வயிற்றோடு பிள்ளையைக் கொண்டுவந்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. விளக்கெண்ணெய் சீக்கிரம் போகாது. இரண்டு தடவை சோப்புப் போட்டேன். ஒவ்வொரு செம்புத் தண்ணீருக்கும் அவள் “வேணாம்மா, வேணாம்மா” என்றாள்.

காஞ்சிபுரம் மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்தவர் இளம் டாக்டர். அவர் கேட்ட கேள்வி ஒன்றுகூடத் தப்பில்லை.

“வலி எப்போ ஆரம்பிச்சது?”

“வெள்ளிக்கிழமை. ஆனா நேத்து மத்தியானமே நின்னுடுச்சு சார். இப்ப காய்ச்சல்தான்.”

“நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீங்களா? யாராவது வயித்தை அமுக்கினாங்களா?”

“இல்ல சார்.”

பக்கத்தில் நின்ற கணவருக்கு ஒன்றும் தெரியாது. அவரும் தலையை ஆட்டினார். விபத்தில் அடிபட்ட இரண்டு பேரை அதே நேரத்தில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலி நின்றுவிட்டது என்றால் முதலில் டிரிப்ஸ் போகட்டும், ரத்தப் பரிசோதனை வரட்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் அந்தப் பக்கம் போனார்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். வாசலில் ஏதோ வாக்குவாதம் கேட்டுத் திரும்பினேன். செக்யூரிட்டி கையை நீட்டி மறிக்க, அதற்குக் கீழே குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தாள், வயிறு வழித்தவள். காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரித்துவிட்டு, பஸ் ஏறி வந்திருக்கிறாள். முந்தின நாள் கட்டியிருந்த அதே சேலை.

எனக்கு வந்தது நிம்மதி இல்லை. நான் எழுந்து போய் அவளை மறித்தேன்.

“நீ எதுக்கு இங்க வந்த? வலி எல்லாம் நேத்தே நின்னுடுச்சு. வெறும் காய்ச்சல்தானாம். போ.”

“வலி நின்னுச்சா? அதாம்மா எனக்கு பேஜாரா கீது. பலகையா இருந்த வயிறு எப்டி தானா சரியாவும்? டாக்டராண்ட நான் சொன்னத சொன்னியா?”

நான் டிரிப்ஸ் பாட்டில் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“சொல்லல.”

“மெதுவாப் பேசு.”

“மெதுவா இன்னா மெதுவா? கொயந்தைக்கு ஒண்ணுன்னா நாளைக்கி எம்மேலதான் வரும். ஊரே என்னத்தான் கேக்கும், உன்னையா கேக்கும்?”

என் தோளைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்த வழியாகப் போன நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினாள். நர்ஸ் கையை உதறினாள்.

“யாரும்மா நீ?”

“நான்தாம்மா அந்தக் கொயந்த வயித்த வழிச்சவ. டாக்டர இட்டுக்கினு வா. நேத்து காலைல இந்தப் பக்கம் அமுத்தசொல்ல சும்மா இருந்துச்சி, கைய எடுத்ததும் கத்திச்சி. வயிறு மரமாட்டம் இருந்துச்சி. அத்த அவராண்ட சொல்லணும்.”

நர்ஸின் முகம் மாறியது. டாக்டர் வந்தார். அவள் தன் வயிற்றிலேயே கையை வைத்து இடத்தைக் காட்டினாள். அவர் நேராகப் படுக்கைக்குப் போய், அதே இடத்தில் அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். மகளின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். சர்ஜனைக் கூப்பிட்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நான் கேட்டேன் இல்ல?”

பிறகு அவளைப் பார்த்தார். பாதிப் பிள்ளைகள் உங்களால்தான் இப்படி வருகிறார்கள், அறிவில்லையா, போலீஸுக்குச் சொல்லட்டுமா என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து “அவங்க வேணாம்னு சொன்னாங்க, நான்தான் பண்ண வெச்சேன்” என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது அவள் இல்லை.

குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து வெளியே வந்த சர்ஜன், எல்லாவற்றையும் கழுவியிருக்கிறோம், குழாய் வைத்திருக்கிறோம், இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். வலி எப்போது நின்றது என்று கேட்டார். சனிக்கிழமை மத்தியானம் என்றேன்.

“அப்பதான் வெடிச்சிருக்கு. வெடிச்சதும் கொஞ்ச நேரம் வலி கொறையும். சரியாயிடுச்சுன்னு தோணும்.”

நான் அழுத சந்தோஷம், அவள் குடித்த இரண்டு கரண்டி கஞ்சி, கும்பிட்ட கைகள்.

மூன்றாம் நாள் மகளுக்குக் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் அவளே தண்ணீர் கேட்டாள். உயிர் தங்கும் என்று தெரிந்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் கணவருக்கு வெளியே வந்தது.

“ஊருக்குப் போனதும் அந்தப் பொம்பளைய நடுத்தெருவுல நிக்க வெச்சுக் கேக்கறேன். எங்க அண்ணன் வயல்ல இனிமே அவ காலு பட்டுச்சுன்னா பாரு. கொலகாரி.”

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன். படுக்கையிலிருந்து மகளின் குரல் வந்தது. மூக்கில் குழாய் இருந்ததால் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“அவங்க பண்ண மாட்டேன்னாங்கப்பா. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க. அம்மாதான் விடல.”

கணவர் என்னைப் பார்த்தார்.

“நெஜமா?”

“ஆமாம்.”

“டாக்டர் கேக்கசொல்ல இல்லன்னியே?”

“ஆமாம்.”

“கார்ல ஏத்தும்போது அவ கவுன் ஈரமா இருந்துச்சே. அது?”

அதையும் சொன்னேன். அவர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். அரை மணி நேரம் அங்கேயே நின்றார். அன்றிலிருந்து இன்றுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அன்றைக்கே இளம் டாக்டரைத் தேடிப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கையில் இருந்த பேனாவை மூடினார். “அந்தம்மாகிட்ட நான் பேசினது தப்பு” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எண்ணெய் போட்டாலும் சரி, மந்திரிச்சாலும் சரி, வந்து சொல்லிடுங்க மேடம். நாங்க திட்டுவோம்தான். திட்டினாலும் சொல்லுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஏரியைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். அதுவரை அங்கே நான் போனதில்லை. ஆள்தான் அனுப்புவேன். அவள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“கொயந்த சோறு துன்னுதா?”

“சாப்பிடுறா.”

“காயம் ஆறிக்கினு கீதா?”

“ஆறுது. டாக்டர் உங்ககிட்ட அப்படிப் பேசும்போது நான்…”

“அத்த வுடு. நானும் கைய வெச்சேன் இல்ல? மாட்டேன்னு எய்ந்து போயிருக்கணும். களை எடுக்க எத்தினி பேருன்னு நீ கேட்ட, நான் கைய வெச்சேன். அத்தினிதான். இப்ப எந்தப் பொம்பள கொயந்தைய தூக்கினு வந்தாலும் திருப்பி அனுப்சிடறேன். யாருக்கும் வழிக்கறதில்ல.” துணியை முறுக்கிப் பிழிந்தாள். “உன் வயலுக்கும் வர மாட்டேன். ஆளு வேற பாத்துக்கோ.”

களை எடுக்கும் வேலை அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

வகுப்புக்கு ஒரே ஒரு முறை போனேன். அங்கே கடைசி அரை மணி நேரம் அனுபவம் சொல்லும் நேரம். குணமானவர்கள் எழுந்து மைக்கில் பேசுவார்கள். நானும் எழுந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நடத்துபவர், உடம்பின் சைகையைப் புரிந்துகொள்வதில் நமக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார். வெளியே செருப்பு மாட்டும்போது ஒரு பெண் என் முழங்கையைத் தொட்டாள். அவளுடைய இடுப்பில் ஒரு குழந்தை.

“அக்கா, அந்த வழிச்சு விடுறவங்க வூடு எங்க கீது? இதுக்கு ரெண்டு நாளா வாந்தி.”

அந்தக் குழந்தையையும் அவளையும் அப்படியே என் கூட ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன். அவளுக்கு என் மேல் கோபம். எனக்கு அவளை விட மனமில்லை. ஓஆர்எஸ் கரைசலில் சரியாகிற வாந்திதான் அது.

நான் இப்போதும் காலையில் நடக்கிறேன், மூச்சுப் பயிற்சி செய்கிறேன். என் முதுகுக்கு அது நல்லதுதான். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வலது வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. விளையாடுகிறாள், சண்டை போடுகிறாள், முன்பைவிட நன்றாகவே சாப்பிடுகிறாள்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். அவள் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். போன் அடித்தது. கம்பெனியிலிருந்து கணவர்.

“பாப்பாவுக்குக் காய்ச்சலாம். தொண்ட வலிக்குதாம். இப்பதான் எனக்கு போன் பண்ணா. கிளம்பி ரெடியா இருக்கச் சொல்லு, நான் பர்மிஷன் போட்டுட்டு வந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.”

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

“அப்பா வரட்டும்மா” என்றாள்.